போகவர பாத்தியம்

பென்னாகரம் சார்பதிவாளர் அலுவலகத்தில்
எனக்குப் பன்னிரண்டாவது டோக்கன்.
அண்ணன் வடை வாங்கிக் கொடுத்தான்.
கையெழுத்துப் போடுகிற நாளில் மட்டும்
அவனுக்கு என் பசி தெரிகிறது.

விடுதலைப் பத்திரம்.
பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.
அத்தைகள் இரண்டு பேரும் இதே பெஞ்சில்
ஆளுக்கொரு சேலைக்கு விடுதலையானவர்கள்.

"நீதான் அங்க ஒருத்தன்கூட இருக்கியே,
உனக்கெதுக்கு இந்த மேட்டுக்காடு?"
மெதுவாகத்தான் கேட்டான்.
பத்திர எழுத்தர் பேனாவை மூடிவிட்டுக்
காது கொடுத்தார்.

அந்த ஒருத்தன் பேர் மாதேஷ்.
காவேரிப்பட்டணத்துக்காரன்.
ஓசூர் சிப்காட்டில் எனக்கு ராத்திரி ஷிப்ட் என்றால்
அவனுக்குப் பகல்.
ஒரே பாயில் முறை வைத்துத் தூங்குகிறோம்,
எங்கள் கிணற்றில் நாலு பங்காளிகள்
முறை வைத்து இறைத்த மாதிரி.
என் முறை முடிந்து அவன் முறை தொடங்கும்
இருபது நிமிஷத்தில்தான்
டீ, சண்டை, மற்றதெல்லாம்.

வீட்டுக்கார முனிரத்னம்மா
உறவு என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினாள்.
நாங்கள் வாய் திறக்குமுன்
மாமன் மகன் என்று அவளாகவே எழுதிக்கொண்டாள்.
முறை இருந்தால் போதும்,
தாலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் மாதம் கவனிக்கவில்லை.
இரண்டாம் மாதம் கண்டுபிடித்தேன்:
அவன் தின்று கைகழுவும்வரை
நான் தட்டெடுப்பதில்லை.
யாரும் சொல்லவில்லை.
உட்கார் உட்கார் என்றுதான் அவன் சொல்கிறான்.
கை வேறெங்கோ பழகியிருக்கிறது.
அவனும் அப்படித்தான்.
சம்பளம் ஏறிய நிமிஷமே
போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு
அப்பாவுக்கு அனுப்புகிறான்.
பதினேழு பேர் கூட்டுப் பட்டாவிலிருந்து
இன்னும் இறங்கி வராதவன்.
சிலிண்டர் என் பேரில், வாடகை அவன் பேரில்.
பருப்பு டப்பாவில் மட்டும்
யார் பேரும் ஒட்டவில்லை.

எழுத்தர் மூலப் பத்திரம் கேட்டார்.
ஜவுளிக்கடைப் பைக்குள்ளிருந்து அண்ணன் எடுத்தான்.
ஐம்பத்தெட்டாம் வருஷத்துத் தாள்,
மடித்த இடமெல்லாம் ஓட்டை.
அப்பாவின் தாத்தா எழுதிவைத்தது.
மூன்றாம் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள்.

"என்னுடன் கூடி வாழ்ந்துவரும் நல்லம்மாள்
ஷை காட்டுக்கொட்டாயில் ஆயுள்பரியந்தம் குடியிருந்து
ஒரு புளியமரத்து மகசூலும்
கிணற்றில் செவ்வாய்க்கிழமை ராத்திரி முறையும்
பராதீனம் செய்யாமல் அனுபவித்துவர வேண்டியது.
அவளுக்குப் போகவர பாத்தியம் உண்டு."

யார் இந்த நல்லம்மாள் என்றேன்.
"யாரோ, பெருசு வச்சிருந்தது" என்றான் அண்ணன்.

வைத்திருந்தான் என்பது ஊர்ப்பேச்சு.
பெண் ஒருத்தி ஆணை வைத்திருந்தாள் என்று
எங்கள் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
கொட்டாய்க்கு அனுப்பியவர்,
விற்கக் கூடாதென்று கட்டிவைத்தவர்,
பத்திரத்தில் மட்டும் கூசாமல்
கூடி வாழ்ந்துவரும் என்று எழுதியிருக்கிறார்.
எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.
அந்தச் சொல்மேல் வரவில்லை.

"அய்யா, காடு அவங்களுக்கே இருக்கட்டும்.
கடைசி வரியை மட்டும் எனக்கு எழுதுங்க."
"எந்த வரி?"
"போகவர பாத்தியம்."
"அதுக்கு என்னன்னும்மா மதிப்பு போடறது?"
அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான்.
பன்னிரண்டு என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.
யாரும் எழுந்திருக்கவில்லை.
பதிமூன்றைக் கூப்பிட்டார்கள்.

தருமபுரியில் பஸ் மாறும்போது
மாதேஷ் போனில் கேட்டான், போட்டுட்டியா.
ஒரு வரி குறையுது, போடல என்றேன்.
சரி, பசிக்குது, களி கிண்டட்டுமா என்றான்.
கிண்டு, நான் வரவரைக்கும் தின்னாதே,
இல்ல, தின்னுடு,
இல்ல, இரு.

இன்று செவ்வாய்.
எப்படியோ இரண்டு பேருக்கும் ஒரே நாள் லீவு.
முறை இல்லாத ராத்திரி.
அந்தப் பாய் பத்தாது.